ஐந்தரை டிகிரி

அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை. 1994-ல், பரோடாவை ஒட்டிய ஒரு பெட்ரோகெமிக்கல் வளாகத்தில், இரவு ஷிஃப்டில் சிரித்த சிரிப்பு அது. கண்ட்ரோல் ரூம் கடிகாரத்தில் மணி இரண்டரை. பயிற்சிக்கு வந்து மூன்று மாதமே ஆகியிருந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "சார், ரெண்டு கேஸைப் பிரிக்க இவ்வளவு பெரிய டவர் எதுக்கு? சரியான ஒரு சல்லடை இருந்தா போதாதா? ஒண்ணு உள்ளே போகும், ஒண்ணு வெளியே நிக்கும்."

அவர் சத்தமாகச் சிரித்தார். பேனல் முன்னால் உட்கார்ந்திருந்த குஜராத்தி ஆபரேட்டர்களும் விஷயம் புரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். "தம்பி, சல்லடையெல்லாம் உங்க அம்மா சமையல்கட்டுல இருக்கும். இது பிளான்ட். போய் ரீடிங் எடுத்துட்டு வா" என்றார் அவர். பையனின் முகம் சிறுத்துவிட்டது. அதன்பின் அவன் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டான். ஒன்றரை வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டு மேல்படிப்புக்குப் போய்விட்டான்.

அவர் சிரித்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த டவரின் காலடியில்தான் கழிந்தது. கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாஃப்தாவை நீராவியோடு கலந்து 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அதன் மூலக்கூறுகள் உடைந்து பல வாயுக்களின் கலவையாக வெளியே வரும். அதில் எத்திலீன் உண்டு, ஈத்தேன் உண்டு. புரொப்பிலீன் உண்டு, புரொப்பேன் உண்டு. எத்திலீனிலிருந்து பாலிதீன். புரொப்பிலீனிலிருந்து பாலிபுரொப்பிலீன். கல்யாண மண்டபத்து நாற்காலி, சர்க்கரை மூட்டை, கயிறு, டிபன் டப்பா எல்லாம் அதன் சந்ததி. புரொப்பேனோ சமையல் எரிவாயு சிலிண்டருக்குள் போகிற சாதி. ஆனால் உலையிலிருந்து இரண்டும் ஒன்றாகத்தான் பிறக்கின்றன.

புரொப்பிலீனில் மூன்று கார்பன் அணுக்கள், ஆறு ஹைட்ரஜன் அணுக்கள். புரொப்பேனில் அதே மூன்று கார்பன், எட்டு ஹைட்ரஜன். பருமனில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாதாரண அழுத்தத்தில் ஒன்று மைனஸ் 47.6 டிகிரியில் கொதிக்கும். மற்றது மைனஸ் 42.1 டிகிரியில். நடுவில் இருக்கும் அந்த ஐந்தரை டிகிரிதான் இரண்டையும் பிரிக்க எஞ்சினியருக்குக் கிடைத்த பிடி. பிளாஸ்டிக் ஆலைக்குப் புரொப்பிலீன் 99.5 சதவீதம் சுத்தமாகப் போக வேண்டும்.

"ரெண்டும் பாட்டுக்கு ஒண்ணா இருந்துட்டுப் போகட்டுமே, எதுக்குங்க பிரிக்கணும்?" என்று அவருடைய மனைவி ஒருமுறை கேட்டார். பாலிமராகக் கோத்துக்கொள்ளப் புரொப்பிலீனுக்குத்தான் கை உண்டு, புரொப்பேனுக்கு இல்லை. விட்டால் அது உலைக்குள் சும்மா நின்றுகொண்டு இடத்தை அடைக்கும் என்று இவர் விளக்கினார். "சும்மா நிக்கறவங்க எல்லா இடத்துலயும்தான் இருக்காங்க" என்றார் அந்த அம்மாள்.

அந்த ஐந்தரை டிகிரியை வைத்துக்கொண்டு பிரிக்க வேண்டுமென்றால் ஒரு தடவை கொதிக்கவைத்தால் போதாது. கொதிக்கவைத்து, குளிரவைத்து, மறுபடி கொதிக்கவைத்து, நூற்றுக்கும் மேற்பட்ட தட்டுகளில் அதையே திரும்பச் செய்ய வேண்டும். பல ஆலைகளில் தட்டுகள் இருநூறைத் தொடும். டவர் நூறு மீட்டரை நெருங்கும். அவ்வளவு உயரத்தை ஒன்றாக நிறுத்த முடியாமல் இரண்டாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். உச்சியிலிருந்து ஒரு டன் புரொப்பிலீன் எடுக்க, பத்து டன்னுக்கு மேல் குளிரவைத்துத் திரும்பக் கீழே ஊற்ற வேண்டும். கீழே ஓயாமல் சூடு, மேலே ஓயாமல் குளிர்ச்சி.

பரோடாவின் மே மாதம் வேறு சோதனை. கூலிங் வாட்டர் சூடேறும். டவருக்குள் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் இரண்டு வாயுக்களும் இன்னும் நெருங்கி நடந்துகொள்ளும். பிரிப்பது இன்னும் கஷ்டம். அந்த மாதங்களில் சுத்தம் 99.5-ஐ விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்வது வித்தை. அதில் அவர் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருந்தார். பிடிபட்ட சூட்சுமங்களையெல்லாம் சொந்தமாக ஒரு டைரியில் எழுதி வைத்தார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய்ச் சல்லடை என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்?

2011-ல் ஓய்வு பெற்றார். பரோடாவிலேயே தங்கிவிட்டார்கள். டவரும் பையனும் மெல்ல மெல்ல நினைவிலிருந்து விலகினார்கள்.

இரண்டும் திரும்பி வந்தது 2021 ஏப்ரல் கடைசி வாரத்தில். அவருடைய மனைவிக்குக் கொரோனா. விரலில் மாட்டிய கருவி 89 என்று காட்டியது. ஆஸ்பத்திரிகளில் படுக்கை இல்லை. புனேயில் இருந்த மகன் நாற்பது பேருக்கு போன் செய்து, கடைசியில் ஓர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை வாடகைக்குப் பிடித்து அனுப்பினான். சின்ன அலமாரி அளவில் ஒரு பெட்டி. கட்டில் பக்கத்தில் வைத்து ஸ்விட்சைப் போட்டதும் உறுமத் தொடங்கியது. சில விநாடிகளுக்கு ஒரு தடவை 'புஸ்' என்று பெருமூச்சு விட்டது.

தூக்கம் வராத அவர் அதன் கையேட்டைப் படித்தார். பெட்டிக்குள் இரண்டு உருளைகள். அவற்றில் சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் மணிகள். அறையின் காற்றை அழுத்தி முதல் உருளைக்குள் அனுப்பினால் நைட்ரஜன் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் நழுவி வெளியே வரும். மணிகள் நிறைந்ததும் காற்று இரண்டாவது உருளைக்குத் திரும்பும். முதல் உருளையில் அழுத்தம் இறங்கி நைட்ரஜன் வெளியேறும். அந்தப் பெருமூச்சு அதுதான்.

நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கிறது, ஆக்சிஜன் மைனஸ் 183-ல். பருமனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அந்த வாரங்களில் தேசமெங்கும் ரயிலிலும் லாரியிலும் ஓடிய திரவ ஆக்சிஜன், காற்றை உறையும் குளிரில் திரவமாக்கி டவரில் பிரித்து எடுத்தது. அந்த டவர்கள் அவருடைய டவருக்குப் பங்காளி. ஆனால் அவருடைய படுக்கையறையில் டவர் இல்லை. உறைகுளிரும் இல்லை. ஒரு பெட்டி, கொஞ்சம் மணிகள், சுவரில் ஒரு பிளக் பாயின்ட். 89 என்பது 92 ஆயிற்று. மூன்றாவது நாள் இரவு, அந்தப் 'புஸ்' சத்தத்துக்கு நடுவில், அவருக்குப் பையனின் சிறுத்துப்போன முகம் நினைவுக்கு வந்தது.

ஒன்பதாம் நாள் 95-ல் நின்றது. பெட்டி அடுத்த வீட்டுக்குப் போனது. அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். இவர் மகனிடம் பழைய லேப்டாப் ஒன்றைக் கேட்டார்.

படிக்கப் படிக்க, பையன் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை என்று தெரிந்தது. திருவிழாவில் வாங்கிய பலூன் மறுநாள் காலையில் சுருங்கிக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். 1831-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜே.கே. மிச்செல் என்ற டாக்டர், ரப்பர் பலூன்களிலிருந்து வெவ்வேறு வாயுக்கள் வெவ்வேறு வேகத்தில் வெளியேறுவதைக் கவனித்து எழுதினார். 1866-ல் தாமஸ் கிரஹாம், ரப்பர் படலம் வழியாகக் காற்றை இழுத்து அதில் ஆக்சிஜனின் விகிதத்தை உயர்த்திக் காட்டினார். ஆனால் படலம் தடிமனாக இருந்தால் வாயு நகராது. மெல்லியதாக இருந்தால் கிழிந்துவிடும். நூறு வருடம் அந்த இடத்திலேயே நின்றது.

முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர், இந்தியாவில் பிறந்து அமெரிக்கா சென்ற ஸ்ரீனிவாச சௌரிராஜன். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் அவரும் சிட்னி லோபும், மேலே மிக மெல்லிய தோலும் அடியில் பஞ்சு போன்ற தாங்கலும் கொண்ட படலத்தைச் செய்தார்கள். உப்புநீரைக் குடிநீராக்குவது அவர்கள் நோக்கம். ஆனால் அந்த உத்தி வாயுக்களுக்கும் உதவியது. 1980-ஐ ஒட்டி மான்சான்டோ நிறுவனம் மயிரிழை போன்ற பாலிமர்க் குழாய்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி, உர ஆலைகளில் வீணாகிற வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கத் தொடங்கியது. பையன் அந்தக் கேள்வியைக் கேட்ட 1994-ல் இது உலகத்துக்கு வெளிச்சமான சங்கதி. அவருக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

ஹைட்ரஜன் பொடியன், கூட்டத்தில் நுழைந்து வெளியே வந்துவிடுவான். புரொப்பிலீனும் புரொப்பேனும் விஷயம் வேறு. சாதாரண பாலிமரின் சங்கிலிகள் சவுக்குக் கட்டைகள் மாதிரி ஒன்றோடொன்று நெருங்கிப் படுத்துவிடும். இடைவெளி இருக்காது. 2004-ல் மான்செஸ்டரில் பீட்டர் பட், நீல் மெக்கியோன் இருவரின் குழு ஒரு புது பாலிமரைச் செய்தது. அதன் சங்கிலி விறைப்பானது. நடுநடுவே வளைந்து திரும்புவது. கோணல்மாணலான சீமைக்கருவேல விறகை எப்படி இறுக்கிக் கட்டினாலும் சந்து விழுமே, அதே மாதிரி இங்கேயும் சந்துகள் விழுந்தன. ஒரு கிராமுக்குள் மூன்று கிரவுண்டு மனை அளவுக்குப் பரப்பு ஒளிந்திருந்தது.

இன்னொரு வழி, உலோக அயனிகளை மூலைகளாகவும் கரிம மூலக்கூறுகளைக் கழிகளாகவும் வைத்துப் பந்தல் கட்டுவது. இவற்றையும் நுண்துளைப் பாலிமர்கள் என்று சொல்லும் வழக்கம் உண்டு. 2012-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், இரும்பு அயனிகள் வெளியே தெரிகிற ஒரு பந்தலைக் கட்டினார்கள். புரொப்பிலீனின் இரட்டைப் பிணைப்பை இரும்பு பிடித்துக்கொண்டது. பிடிக்க ஒன்றும் இல்லாத புரொப்பேன் கடந்துபோயிற்று. 2016-ல் சவூதி அரேபியாவில் முகமது எத்தாவுதியின் குழு செய்த பொருளின் வாசல் இன்னும் கறார். புரொப்பிலீனை உள்ளே விட்டது, புரொப்பேனை வாசலிலேயே நிறுத்தியது. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. அந்த வரியைப் படித்தபோது அவர் லேப்டாப்பை மூடிவிட்டுச் சற்று நேரம் பால்கனியில் நின்றார்.

அதே 2016-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த ஷோல், லைவ்லி என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். எத்திலீன், புரொப்பிலீன் இரண்டின் உற்பத்தி ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல். உலகத்தில் தலைக்கு 30 கிலோ. இவற்றைச் சுத்தம் செய்ய மட்டும் உலகம் செலவிடும் ஆற்றலில் 0.3 சதவீதம் போகிறது. சிங்கப்பூர் ஒரு வருடத்தில் செலவிடும் ஆற்றலுக்கு ஏறக்குறைய சமம். அந்தச் செலவில் ஒரு துளி, அவருடைய டவருடையது. சூடும் குளிருமாக எவ்வளவு போகிறது என்று அவர் கணக்கு வைத்ததுண்டு. அது போகத்தான் வேண்டுமா என்று கேட்டதில்லை.

2025 அக்டோபரில் ரசாயனத்துக்கான நோபல் பரிசு, உலோகக் கரிமப் பந்தல்களைக் கட்டிய மூவருக்கு அறிவிக்கப்பட்டது: ரிச்சர்ட் ராப்சன், சுசுமு கிடகாவா, ஒமர் யாகி. ராப்சனுக்கு இந்த யோசனை முளைத்த கதை அவருக்குப் பிடித்துப்போனது. 1974-ல் மெல்போர்னில் மாணவர்களுக்குப் பாடம் நடத்த, மர உருண்டைகளில் துளை போட்டு மூலக்கூறு மாதிரிகள் செய்யும்போது தோன்றியதாம். பெரிய யோசனைகள் சில சமயம் விளையாட்டுச் சாமானிலிருந்துதான் வருகின்றன. சமையல்கட்டுச் சல்லடையிலிருந்தும் வரக்கூடும்.

பழைய சகா ஒருவரிடம் நம்பர் வாங்கி அன்று மாலை போன் செய்தார். பையனுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அதே பாலிமர்ப் படலங்கள்தான் வேலையாம். குசலம் விசாரித்த பிறகு இவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அன்னைக்கு நீ சல்லடைன்னு கேட்டே. நான் சிரிச்சேன். ஞாபகம் இருக்கா?"

"சார், அதெல்லாம் நான் மறந்தே போயிட்டேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.

"பொய் சொல்றேன் சார். மறக்கலை."

"சிரிச்சது தப்புப்பா" என்றார் இவர். எழுபத்திரண்டு வயதில் அதைச் சொல்ல அவருக்குச் சிரமமாகத்தான் இருந்தது.

மறுமுனையில் பையன் சிரித்தான். "பாதிதான் தப்பு சார். மீதிப் பாதியை நான் இருபது வருஷமா அனுபவிச்சிட்டிருக்கேன்."

பிறகு அவன் தன் கஷ்டத்தைச் சொன்னான். ஒவ்வொரு வாயுவையும் தனித்தனியாக அனுப்பி அளந்தால் படலம் பிரமாதமாகப் பிரிக்கிறது. இரண்டையும் கலந்து அனுப்பினால் புரொப்பிலீன் படலத்துக்குள் கரைந்து அதை உப்பவைக்கிறது. உப்பினால் சந்து அகலமாகிறது. பின்னாலேயே புரொப்பேனும் நுழைந்துவிடுகிறது. இன்னொன்று, முதுமை. மரக்காலில் அளந்த நெல்லைத் தட்டினால் இறங்குவது போலப் பாலிமர்ச் சங்கிலிகள் மெல்ல மெல்லப் படிந்து நெருங்குகின்றன. சந்துகள் தாமாகச் சுருங்குகின்றன. படலம் மெல்லியதாக இருந்தால் இன்னும் சீக்கிரம். வாயு நிறையப் போக வேண்டுமென்றாலோ மெல்லியதாகத்தான் இருக்க வேண்டும். நிறைய விடுகிற படலம் சரியாகப் பிரிக்காது, சரியாகப் பிரிக்கிற படலம் நிறைய விடாது என்று ராப்சன் பெயரை ஒத்த லாய்ட் ராப்ஸன் என்பவர் 1991-லேயே வரைபடம் போட்டு எல்லைக்கோடு கிழித்துவிட்டார். அந்தக் கோட்டைத் தாண்டத்தான் எல்லோரும் முட்டுகிறார்கள்.

"உங்க டவர் நாற்பது வருஷம் நிக்குது சார். என் ஃபிலிம் நாற்பது நாள் ஒரே மாதிரி நிக்க மாட்டேங்குது."

"உனக்கு என்ன கேஸ் வருது? சிலிண்டர்ல சுத்தமா வாங்கி வச்சிருப்பே."

"ஆமா சார்."

"எங்களுக்கு அப்படி வராதுப்பா. துளி அசெட்டிலீன் இருக்கும், துளி கந்தகம் இருக்கும், ஈரம் இருக்கும். திடீர்னு பவர் போகும், ஷட்டவுன் ஆகும், திரும்ப ஸ்டார்ட் பண்ணுவோம். மே மாசம் வரும். உன் ஃபிலிம் அதையெல்லாம் பார்த்திருக்கா?"

பார்த்ததில்லை என்றான். வெள்ளி உப்பு சேர்த்த படலங்கள் இரட்டைப் பிணைப்பை நன்றாகப் பிடிக்கும், ஆனால் துளிக் கந்தகம் பட்டாலே செத்துவிடும் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டான். டவரை எடுத்துவிடுவது பற்றி யாரும் இப்போது பேசவில்லை, டவருக்குப் பக்கத்தில் படலத்தை வைத்துப் பாதிச் சுமையை இறக்குவது பற்றித்தான் கணக்குப் போடுகிறார்கள் என்றான். எந்த இடத்தில் வைப்பாய் என்று இவர் கேட்டார். அங்கிருந்து பேச்சு இரண்டு மணி நேரம் ஓடியது. எந்தத் தட்டுக்குப் பக்கத்தில் பிரிப்பு மந்தமாகிறது, எங்கே எடுத்தால் டவர் மூச்சு விடும் என்று இவர் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான். முப்பத்தொரு வருடத்துக்கு முன் அந்த இரவு ஷிஃப்டில் நடந்திருக்க வேண்டிய பேச்சு அது.

அவசரம் இருவருக்கும் தெரிந்தே இருந்தது. இந்தியாவில் பிளாஸ்டிக் தேவை வளர வளரப் புது ஆலைகள் எழுகின்றன. இன்று நிறுத்துகிற டவர், அதைத் திட்டமிட்டவர்கள் ஓய்வு பெற்ற பிறகும் நின்றுகொண்டு சூட்டையும் குளிரையும் கேட்டுக்கொண்டிருக்கும். படலம் தயாராக இன்னும் பத்து வருடம் பிந்தினால், பிந்துவது பத்து வருடம் மட்டும் அல்ல.

போனை வைத்ததும் அவர் பரணில் ஏறினார். பழைய டைரிகள் இருந்த அட்டைப்பெட்டியைத் தேடி இறக்கினார். தும்மல் வந்தது. மே மாதப் பக்கங்களுக்கெல்லாம் அடையாளம் வைக்கத் தொடங்கினார்.

அவருடைய மனைவி வாசல்படியில் நின்று பார்த்தார். "என்ன சொன்னான் அந்தப் பையன்?"

"இப்போதைக்கு டவர் தேவைதானாம்."

"அப்ப நீங்க அன்னைக்குச் சிரிச்சது சரிதானே?"

"இல்லை" என்றார் அவர், டைரியிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "எந்தத் தட்டுல சிக்கல்னு அப்பவே எனக்குத் தெரியும். அவன் சல்லடையை வச்சுக்கிட்டு வந்து நின்னான். நான் அவனை ரீடிங் எடுக்க அனுப்பிச்சுட்டேன்."